பிராக்டிகலுக்குப் போன புருஷன்

உக்காருங்க சார், உக்காருங்க. துண்டு கெடக்கேன்னு பாக்காதிய, எடுத்திருதேன். எங்க வீட்டுக்காரிக்குப் போட்டு வச்ச எடம். அவ முன்னால போயி உக்காந்துட்டா. அந்தா, டிரைவருக்குப் பின்னால, பச்சச் சேலை, தலையில பிச்சிப்பூ, தெரியுதா? அவதான். பேரு செண்பகவல்லி. பக்கத்துல இருக்கது அவகூடப் படிக்கிற பிள்ளை. வாய் ஓயாது அதுக்கு. பேசிட்டு வரட்டும்னு நானும் விட்டுட்டேன்.

கோவமா? அய்யய்ய. எங்களுக்குள்ள கோவம் கீவம்லாம் கெடையாது. "நீங்க பின்னால போயி உக்காருங்க"ன்னு ஒரே ஒரு வார்த்த சொன்னா, நான் வந்து உக்காந்துட்டேன். பின்னாலதான் காத்து நல்லா வரும், எனக்கு வேர்த்து ஊத்தும்னு அவளுக்குத் தெரியும். மனுசங்களப் புரிஞ்சுக்கிடுத படிப்புலா படிக்கா.

ஒரு ஒத்தாச செய்யணும் சார். நீங்க நல்ல ஒசரமா இருக்கிய. லேசா எட்டிப் பாத்துச் சொல்லுங்க, அவ தோளு குலுங்குதா? குலுங்குதா! பஸ்ஸு குலுங்குததுல குலுங்குதா, இல்ல அவளாக் குலுங்குதாளா? தெரியலையா. சரி, சவத்த விடுங்க. பேட்டை தாண்டினா ரோடு நல்லா இருக்கும், அப்பப் பாத்துக்கிடுவோம்.

தென்காசிக்கா போறிய? நாங்க பாவூர்சத்திரம். ஆவுடையப்பன் பெயிண்ட் கடைன்னு கேட்டுப் பாருங்க, சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். நான்தான் ஆவுடையப்பன். தீவாளிக்கே மத்தியானம் வரைக்கும் கடையத் தெறந்து வைக்கிற ஆளு. இன்னைக்கி பூட்டு. ஏன்னு கேளுங்க. எனக்குப் பரீட்சை.

சிரிக்காதிய. பரீட்சை அவளுக்குத்தான். ஆனா நடந்தது என் மேல. அது எப்பிடின்னு சொல்லுதேன்.

பி.எஸ்சி. சைக்காலஜி. தபால்ல படிக்கா. பையன் ஓசூருக்கு வேலைக்குப் போனதுலருந்து வீடு வெறிச்சுன்னு ஆயிப்போச்சு. ஒரு நாள் சோறு போடும்போது "நான் படிக்கப் போறேன்"ன்னா. "என்ன படிப்பு?"ன்னேன். "மனசப் பத்தி"ன்னா. "மனசப் பத்திப் படிக்க என்னட்டி இருக்கு, சொன்னா நானே சொல்லித் தர மாட்டனா?"ன்னேன். அதுக்குள்ள அப்ளிகேஷன் போட்டு, பணங்கட்டி, சீட்டும் வாங்கிட்டா. இருந்தாலும் நான்தான் படிக்க வச்சேன்னு வச்சுக்கிடுங்க. புஸ்தகக் கட்ட போஸ்டாபீஸ்லருந்து ஸ்கூட்டர்ல வச்சுக் கொண்டாந்தது யாரு?

ஊருல என்னெல்லாம் கேட்டாவ தெரியுமா? "கோட்டிக்காரங்களப் பத்திப் படிக்கிற படிப்பாம்லா, பைத்தியத்துக்கு வைத்தியமாம்லா, அண்ணாச்சிக்கு எதும் மேலுக்குச் சொகமில்லையா?"ன்னு என்கிட்டயே கேட்டாங்க. நான் கோவப்படவே இல்ல. ஒருத்தன மட்டும் கடையவிட்டு எறக்கிவிட்டேன். அதுவும் மரியாதையாத்தான்.

அந்தப் படிப்புல ஒரு சங்கதி இருக்கு. அவங்களுக்கு உசுரோட ஒரு ஆளு வேணும். கேள்வி கேப்பாங்க, படம் காட்டுவாங்க, கையில வாட்ச வச்சுக்கிட்டு நேரம் பாப்பாங்க, அந்த ஆளு என்ன சொன்னாலும் எழுதுவாங்க. அந்த ஆளுக்குப் பேரு சப்ஜெக்ட். பிராக்டிகல் பரீட்சைக்குப் போகும்போது ஹால் டிக்கெட்டோட சேத்து ஒரு சப்ஜெக்டையும் கூட்டிட்டுப் போகணும். ஆளு இல்லன்னா பரீட்சையே இல்ல.

போன தடவ எதுத்த வீட்டு மெர்சி டீச்சரக் கூட்டிட்டுப் போனா. அந்தம்மா நடுவுல மக போன் பண்ணுதான்னு எந்திரிச்சு வராண்டாவுக்குப் போயிட்டாவ. இங்க வாட்சு ஓடுது, சப்ஜெக்டக் காணோம். அங்கன மகளுக்குப் பிரண்டைத் தொவையல் எப்பிடி அரைக்கணும்னு சொல்லிட்டு நிக்காவ. போச்சு. ஃபெயிலு. மத்த எல்லாப் பேப்பரும் பாஸு சார், அம்புட்டும் நல்ல மார்க்கு. இது ஒண்ணு மட்டும் தொங்குது.

சும்மா தொங்கலை. எங்க ஊருக்குப் பக்கத்துல ஒரு பொம்பளப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் இருக்கு. அங்க உள்ள பெரிய டீச்சரம்மா இவகிட்ட, "பிள்ளைங்க மனசவிட்டுப் பேசுததுக்கு ஒரு ஆளு வேணும். டிகிரிய முடிச்சுட்டு ஜூன்ல வாங்க, அதுக்கு மேல என்னால எடம் பிடிச்சு வைக்க முடியாது"ன்னு சொல்லிருக்காவ. அன்னைலருந்து இவ நடையே மாறிட்டு. ரெண்டு காட்டன் சேலைய வேலைக்குன்னு எடுத்து பீரோவுல தனியா வச்சிருக்கா. கட்ட மாட்டா. தெறந்து தெறந்து பாப்பா. அதான் விசயம். இந்த ஒரு பிராக்டிகல் பாஸானா ஜூன்ல வேலை. இல்லன்னா அந்த எடத்துல வேற யாராவது உக்காந்திருவாவ.

நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். மெர்சி டீச்சரும் வேண்டாம், கிர்சி டீச்சரும் வேண்டாம். சப்ஜெக்டு சரியில்லாமத்தான் ஃபெயிலாப் போனா. இந்தத் தடவ சப்ஜெக்டு நான்தான்.

எனக்கு அனுபவம் இல்லைன்னு நெனைக்காதிய. ரெக்கார்டு நோட்டுக்கு வீட்டுல அவ செய்யதுக்கெல்லாம் நான்தான் உக்காருவேன். ஒரு நாள் அவ ஒரு வார்த்த சொல்லுவாளாம், எனக்கு சட்டுன்னு என்ன தோணுதோ அதச் சொல்லணுமாம். "வீடு"ன்னா. "ப்ரைமர்"ன்னேன். "மழை"ன்னா. "நஷ்டம்"ன்னேன். மழையில எவன் பெயிண்ட் அடிப்பான்? "பெண்டாட்டி"ன்னா. எனக்கு வரலை சார். அவ வாட்சயும் பாக்கா, என்னையும் பாக்கா. வாயில ஆயிரம் வார்த்த வருது, ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லி வம்பாயிருமோன்னு ஒண்ணொண்ணா முழுங்குதேன். கடைசில "நீ"ன்னேன். அதுக்கு ஏன் அப்பிடிச் சிரிச்சான்னு இன்னை வரைக்கும் எனக்கு வெளங்கலை.

இன்னொரு நாளு நெறையக் கேள்வி. ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லணும். "உங்களை யாராவது குறை சொன்னால் கோபம் வருமா?"ன்னு வாசிச்சா. "எவன் கொறை சொன்னான்? பேரச் சொல்லு"ன்னேன். அவ ஒரு டிக் அடிச்சா. அப்புறம் ரெண்டு கோடு போட்ட அட்டை. ஒரு கோட்டுக்கு ரெண்டு முனையிலயும் அம்புக்குறி உள்பக்கமா இருக்கு, இன்னொண்ணுக்கு வெளிப்பக்கமா. "எது நீளம்?"ன்னா. நான் டேப்ப எடுத்து அளந்து, "ரெண்டும் ஒண்ணுதான்"ன்னேன். எம்புட்டுச் சரியாச் சொல்லிருக்கேன்! அவ தலையில கைய வச்சுக்கிட்டா. "டேப்பெல்லாம் எடுக்கக் கூடாதுங்க. கண்ணுக்கு எப்பிடித் தெரியுதோ அப்பிடிச் சொன்னாப் போதும், தப்பா இருந்தாலும் பரவால்ல"ன்னா. தப்பாச் சொல்லணுமாம். என்ன படிப்போ போங்க.

ஆனா சார், ஒண்ணு சொல்லணும். நான் என்ன சொன்னாலும் அவ எழுதுவா. கடையில நான் சொல்லுதத பெயிண்டர் கேக்க மாட்டான், பையன் போன்ல "சரிப்பா, சரிப்பா"ன்னு வச்சிருவான். இவ என்னன்னா, எதுத்தாப்ல சம்மணம் போட்டு உக்காந்து, நான் "ம்"ன்னு சொன்னாக்கூட அந்த "ம்"மையும் எழுதுதா. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துது. சாய்ங்காலம் கடைய அடச்சுட்டு வரும்போதே, இன்னைக்கி எதும் இருக்குமான்னு நெனச்சுக்கிட்டேதான் வருவேன்.

பரீட்சைத் தேதி வந்ததும் என்னக் கூப்பிட்டுச் சொன்னா. "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். எதையும் பாக்காதிய, எதையும் படிக்காதிய, எதையும் தயார் பண்ணாதிய. சும்மா, சாதாரணமா வாங்க." அவ நல்ல மனசப் பாத்தியளா? கடையையும் பாத்துக்கிட்டு இந்த மனுசன் கஷ்டப்படணுமேன்னு நெனைக்கா. அதுக்காக நாம அப்பிடியே விட்டுர முடியுமா? பரீட்சைக்குத் தயார் பண்ணாமப் போறவன் ஒரு மனுசனா? பத்தாங்கிளாஸ்ல நான் அப்பிடித்தான் போனேன். அதான் இன்னைக்கி பெயிண்ட் விக்கேன்.

இதுக்குள்ள அவ போன்ல, இப்ப முன்னால அவ பக்கத்துல இருக்கே, அந்தச் சின்னப் பிள்ளைகிட்டப் பேசினத நான் கேட்டுட்டேன். பரீட்சையில சீட்டுக் குலுக்கித்தான் குடுப்பாங்களாம், எந்தச் சோதனை வருதோ அதச் செஞ்சு காட்டணுமாம். "எனக்கு மட்டும் கண்ணாடி நட்சத்திரம் வந்துட்டுன்னா போதும்ட்டி, தேங்கா ஒடப்பேன்"ன்னா. அதக் கேட்டதும் எனக்குக் காலு தரையில நிக்கலை. வரட்டும், அதயே வரட்டும், நான் பாத்துக்கிடுதேன்னு நெனச்சுக்கிட்டேன்.

அது என்னன்னு சொல்லுதேன். பலகையில ஒரு நட்சத்திரம் இருக்கும். ரெட்டைக் கோட்டு நட்சத்திரம். ரெண்டு கோட்டுக்கும் நடுவுல பென்சிலால ஒரு சுத்துப் போயிட்டு வரணும். கோட்டத் தொட்டா அது ஒரு தப்பு. இதென்ன பிரமாதம்னு கேப்பிய. கை தெரியாது சார்! கைய ஒரு தட்டி வச்சு மறச்சிருவாங்க. எதுத்தாப்ல ஒரு கண்ணாடி இருக்கும், அதப் பாத்துத்தான் வரையணும். மேல போகணும்னு நெனச்சா கை கீழ போகும். வலது பக்கம் திருப்பணும்னு நெனச்சா பென்சிலு நின்ன எடத்துலயே துடிக்கும். செஞ்சு பாருங்க, நல்ல மனுசனுக்கே கோட்டி பிடிச்சிரும்.

வீட்டுல வச்சுப் பழகினா அவளுக்குத் தெரிஞ்சிரும். அதனால கடையில. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெறகு ஷட்டரப் பாதி எறக்கிட்டு, சவரம் பண்ணுத கண்ணாடிய டப்பா மேல சாச்சு வச்சு, கலர் காட்டுத ஷேட் கார்டுக்குப் பின்னால அவ புஸ்தகத்துல உள்ளது மாதிரியே நட்சத்திரம் வரைஞ்சு, கைக்கு மேல ஒரு அட்டைய மறப்பு வச்சு ஆரம்பிச்சேன். மொத நாளு பென்சில ஒடச்சுட்டேன். கோவத்துல இல்ல, அதுவா ஒடஞ்சுது. அப்புறம் விடாமப் போட்டேன். வெறி பிடிச்சுட்டு சார் எனக்கு. ஆளு வந்து எமல்ஷன் இருக்கான்னு கேக்கான், நான் கண்ணாடியப் பாத்துக்கிட்டே "கொஞ்சம் பொறுங்க, அஞ்சாவது முனையில நிக்கேன்"ங்கேன்.

பெயிண்டர் மாடசாமி ஒரு நாள் ஷட்டருக்கு அடியில குனிஞ்சு பாத்துட்டான். பாதி இருட்டு, கண்ணாடி, நட்சத்திரம், நான் கண்ணு கொட்டாம உக்காந்திருக்கேன். அவன் சாமான் வாங்காமலே போயிட்டான். மறுநாளு பக்கத்து டைலர் கடை வாசல்ல ஒரு பூசணிக்காய் தொங்குது, கண்ணும் பல்லும் வரைஞ்சு, மொகம் என் கடையப் பாத்து! அண்ணாச்சி மாந்திரீகம் பண்ணுதாருன்னு பேசிக்கிட்டாவளாம். அது பரவால்ல. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு ஒரு அம்மா வந்து, சுத்து முத்தும் பாத்துட்டு, "அண்ணாச்சி, என் மருமவளுக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க, பையன் என் கூடப் பேசணும், அவ்வளவுதான்"னு மெதுவாக் கேக்காவ. நான் என்ன செய்ய? "நமக்குப் பெயிண்டு மட்டுந்தாம்மா"ன்னு அனுப்பி வச்சேன்.

ஆனா கை வந்துட்டு. கண்ண மூடினாக்கூடப் போடுவேன். வலது கை, எடது கை, ரெண்டும். நான் தற்பெருமை பேசுத ஆளு இல்ல, இருந்தாலும் சொல்லுதேன், திருநெல்வேலி ஜில்லாவுல கண்ணாடி பாத்து நட்சத்திரம் போட என்ன மிஞ்சி ஆளு கெடையாது.

பேட்டை தாண்டிட்டமா? ரோடு நல்லாத்தான இருக்கு. ஒருக்க எட்டிப் பாருங்க. இன்னும் குலுங்குதா? அந்தப் பிள்ளை முதுகத் தடவிக் குடுக்குதா! சரி... தண்ணி எதும் வேணுமா உங்களுக்கு? எனக்கு வேணும்.

இன்னைக்கிக் காலையில திருநெல்வேலி காலேஜுக்குப் போனோம். பெரிய ஹாலு, வரிசையா மேசை. ஒவ்வொரு மேசையிலயும் ஒரு படிக்கிற ஆளு, ஒரு சப்ஜெக்டு. மத்த சப்ஜெக்டெல்லாம் தம்பி, தங்கச்சி, கூடப் பொறந்தவனுக்கு மச்சினன், இப்பிடித் தூக்கக் கலக்கத்துல பிடிச்சுட்டு வந்த ஆளுங்க. நான் ஒருத்தன்தான் இஸ்திரி போட்ட சட்டை, திருநீறோட வந்தவன். வெளியூர்லருந்து ஒரு மேடம் பரீட்சை எடுக்க வந்திருந்தாவ. நரைச்ச முடி, மூக்குக்கண்ணாடி, சிரிக்கவே மாட்டாவ போலருக்கு. சீட்டுக் குலுக்குனாவ. செண்பா கைய விட்டு எடுத்தா. பிரிச்சுப் பாத்துட்டு என்னப் பாத்தா பாருங்க ஒரு பார்வை! எங்க கல்யாணத்துல கூட அப்பிடிப் பாத்ததில்ல. கண்ணாடி நட்சத்திரம்!

அவளுக்கு ஏன் சந்தோசம்னு அப்ப எனக்குத் தெரியாது. எனக்காகத்தான் சந்தோசப்படுதான்னு நெனச்சேன்.

பலகைய வச்சா. தட்டிய வச்சா. எனக்குப் பின்னால நின்னுக்கிட்டு "ஸ்டார்ட்"ன்னா. சல்லுன்னு போட்டேன் சார். ஒரு முனை, ரெண்டு முனை, ஒரு எடத்துலயும் கோட்டத் தொடலை. முடிச்சுப் பென்சில வச்சுட்டேன். அவ வாட்ச இன்னும் சரியாக் கையில பிடிக்கலை. குனிஞ்சு, "ஏங்க, இத முன்னாடியே செஞ்சிருக்கியளா?"ன்னு மெதுவாக் கேக்கா. தயார் பண்ணாதியன்னு சொல்லிருக்கால்லா, ஒத்துக்கிட முடியுமா? "இல்லவே இல்ல. கையில இருக்கு போல"ன்னேன். ரெண்டாவது தடவ அதவிடச் சுத்தம். மூணாவது தடவ அச்சு.

அப்பத்தான் பாத்தேன். அந்தக் கண்ணாடியில நட்சத்திரம் மட்டுமா தெரியும், பின்னால நிக்கிற அவ மொகமும் தெரியுது. மொகத்துல ரத்தமே இல்ல சார்.

எனக்கு ஒண்ணும் ஓடலை. பக்கத்து மேசையப் பாத்தேன். அங்கயும் அதே நட்சத்திரம்தான், ஒரு பய, எவளோ ஒருத்திக்குத் தம்பி, நாக்கத் துருத்திக்கிட்டு வரையுதான். கோழி கிளறுன மாதிரி இருக்கு. அதப் போயி அந்த மேடம் "குட், குட்"ங்காவ! எங்க மேசைக்கு வந்து என் நட்சத்திரத்தப் பாத்தாவ, நெத்தியச் சுருக்கிட்டுப் போயிட்டாவ. எனக்கு அந்த நிமிசமே பொறி தட்டிட்டு. இவங்களுக்கு வேண்டியது தப்புதான்! டேப்பு சங்கதி ஞாபகம் இருக்கா? அதே கதை. நான்தான் கெட்டிக்காரனாச்சே, விடுவனா? நாலாவது தடவ கொஞ்சம் கோணலாப் போட்டேன். கண்ணாடியில அவ மொகத்தப் பாத்தேன். சரியாகலை. பத்தலை போலருக்குன்னு அஞ்சாவது தடவ இன்னும் நல்லாக் கோணினேன். ஆறாவது தடவ மனசறிஞ்சு கோட்டவிட்டு வெளிய போயி, பலகையவிட்டு எறங்கி, மேசையிலயே ஒரு கிழி கிழிச்சேன். எப்பிடி!

மேடம் அந்தப் பக்கம் போனதும் செண்பா என் காதுகிட்ட வந்தா. "என்னங்க பண்ணுதிய? மொதல்லதான் தப்பு வரணும். போகப் போகக் கொறையணும். பழகப் பழக மனுசனுக்கு வரும்ங்கிறதக் காட்டுததுதான் இந்தச் சோதனையே"ன்னா. கண்ணுல தண்ணி நிக்கு அவளுக்கு.

இத நேத்தே சொல்லிருந்தா என்ன சார்? நீங்களே சொல்லுங்க.

பெறகு எந்தத் தடவ எத்தன தப்புன்னு எல்லாரும் கிராஃப் வரைஞ்சாங்க. நட்சத்திரம் வந்த மத்த மேசையிலெல்லாம் கோடு குத்தால மலையிலருந்து எறங்கி வருது. எங்க மேசையில மட்டும் மலை ஏறிப் போகுது. மேடம் வந்து தாளத் திருப்பிப் பிடிச்சுப் பாத்தாவ. தலகீழா வச்சிருக்கமோன்னு நெனச்சாவ போலருக்கு. என்ன ஏற எறங்கப் பாத்தாவ. "சப்ஜெக்டெல்லாம் வெளிய போங்க"ன்னாவ.

நான் எங்க போவேன்? ஜன்னலுக்கு வெளிய ஒரு வேப்ப மரம், அதுல சாஞ்சுக்கிட்டு நின்னேன். மேடம் கேக்காவ, "ஏம்மா, இத்தன வருசத்துல இப்பிடி ஒரு கிராஃப் நான் பாத்ததில்ல. பழகப் பழக மனுசன் மோசமாவானா?" இவ, "இவரு முன்னாடியே பழகிட்டு வந்துட்டாரு மேடம். ஊருல இவரு நட்சத்திரம் வரைஞ்சு மாந்திரீகம் பண்ணுதாருன்னு பேசிக்கிட்டாங்க, நான் நம்பலை. மொதத் தடவ போட்டதும்தான் எனக்கு வெளங்குச்சு"ங்கா. பாத்தியளா, காட்டிக் குடுத்துட்டா! "அப்பம் பின்னால ஏன் தப்பாச்சு?"ன்னு கேக்காவ. இவ சொல்லுதா, "மொதல்ல சரியாப் போட்டதும் எனக்காகத்தான் மேடம், பெறகு தப்பாப் போட்டதும் எனக்காகத்தான். அவரு நட்சத்திரத்தப் பாக்கவே இல்ல. கண்ணாடியில என் மொகத்தப் பாத்துப் பாத்துப் போட்டிருக்காரு. நான் பின்னால நின்னுருக்கக் கூடாது. தப்பு என் மேலதான்"னு. நான் ஒழுங்கா நட்சத்திரத்தப் பாக்கலைன்னு ஒரு வெளியூரு ஆளுகிட்டச் சொல்லலாமா சார்? எனக்கு எப்பிடி இருக்கும்?

அதுக்கு மேல கேக்க முடியலை. வாச்மேன் வந்து, "என்னவே, பொம்பளைங்க பரீட்சை எழுதுத எடத்துல ஜன்னல்ல என்ன சோலி?"ன்னு சட்டையப் பிடிச்சுட்டான். நான் சப்ஜெக்டுன்னேன். அவனுக்கு வெளங்கலை. அவன்கூட மல்லுக்கட்டிட்டு எட்டிப் பாக்கும்போது, இவ முந்தானையால கண்ணத் தொடச்சுக்கிட்டு நிக்கா. மேடம் கீழ குனிஞ்சுருக்காவ.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வெளிய வந்தா. என்ன ஆச்சுன்னு கேட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மொகத்த அந்தப் பக்கமே திருப்பிக்கிட்டு வந்தா. ஏறினதும் நீங்க பின்னால போங்கன்னுட்டா.

காத்து வரும்னுதான் சொன்னா, ஆமா.

சார், சொல்லுதேன், நீங்க யாரோ எவரோ, உங்ககிட்டச் சொன்னா என்ன. எனக்குப் பயமா இருக்கு. அவ படிச்சது உங்களுக்குத் தெரியாது. குக்கர் விசில் ஒரு காதுல, பாடம் ஒரு காதுல. இங்கிலீசுல உள்ளதத் தமிழுல எழுதி, அதத் திரும்ப இங்கிலீசுல எழுதி, எழுதி, வெரலு காச்சுப்போயிட்டு. அவ பாஸாகணும் சார். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நான் கெடுத்துட்டனா? நல்லதுக்குத்தான செஞ்சேன்? மெர்சி டீச்சரயே கூட்டிட்டுப் போயிருந்தாக்கூட இம்புட்டு மோசமாயிருக்காதோ? நீங்க ஒண்ணும் சொல்லாதிய. தலைய மட்டும் ஆட்டுங்க போதும்.

ஆலங்குளம் வந்துட்டா? அந்தச் சின்னப் பிள்ளை எறங்குது. அது ஊரு இதான். சார், சார்! அவ எந்திரிச்சுட்டா. இங்கதான் வாறா. நீங்க அந்தப் பக்கம் பாருங்க. நான் ஒண்ணுமே சொல்லலை, என்ன?

என்ன செண்பா, முன்னால காத்து வரலையா? சாருகிட்ட சும்மா, எனாமல் வெலையப் பத்திப் பேசிட்டு வந்தேன். கேட்டுதா? எது வரைக்கும்? பூசணிக்காயும் கேட்டுதா? பஸ்ஸு முழுக்கவா! சரி, கேட்டா என்ன இப்பம், நாம எதும் களவாண்டமா? அத விடு. நீ ஏன் அழுத? சொல்லு. என்னது, சிரிச்சியா? காலேஜு வாசல்லருந்து அடக்கிட்டு வந்தியா? என் மூஞ்சியப் பாத்தா வெடிச்சிருவன்னுதான் முன்னால போயி உக்காந்தியா? அப்பம் கோவமில்லையா? ஆலங்குளம் வரைக்கும் இருந்துதா. சரி சரி, அது நியாயந்தான்.

அந்த மேடம் என்ன சொன்னாவ, அதச் சொல்லு மொதல்ல. மார்க்கு வெளிய சொல்லக் கூடாதா. பெறகு? அவங்களும் குனிஞ்சு சிரிச்சாவளா! கிராஃப் தலகீழா வந்தாலும் காரணத்தச் சரியாச் சொன்னியாம், அதான் படிப்புன்னாவளா? நீ வேலை விசயத்தச் சொன்னதும் கையப் பிடிச்சு, "ஜூன்ல பள்ளிக்கூடத்துக்குப் போங்க, பயப்படாதீங்க"ன்னாவளா? சார், கேட்டியளா? பாஸு! எனக்குத் தெரியும் சார், நான் சொன்னேம்லா உங்ககிட்ட, பயப்பட ஒண்ணுமே இல்லைன்னு. கடைசிக் கிழி கிழிச்சேம்லா மேசையில, அதுக்குத்தான் மார்க்கு. ஏ செண்பா, சிரி, நல்லாச் சிரி, யாரு பாத்தா என்ன.

என்னது? எம்.எஸ்சி.யும் சேரச் சொன்னாவளா? சேரு. வேலைக்கும் போ, அதயும் படி, யாரு வேண்டாம்னா? புஸ்தகக் கட்டத் தூக்க நான் இருக்கேன். அதுக்கும் பிராக்டிகல் உண்டுதான? உண்டுல்லா! ஒண்ணும் கவலைப்படாத, இந்தத் தடவ நான் எதையும் தொட மாட்டேன், ஒரு பென்சிலக்கூட...

நான் வேண்டாமா?

ஏன், எனக்கு என்ன கொறச்சல்? உன்னப் பாத்துப் பாத்துச் செய்யத ஆளு சப்ஜெக்டுக்கு ஆகாதா? அப்பம் பின்ன யாரு வருவா? வெளி ஆளா? எந்த வெளி ஆளு? இவரா! இந்த சாரா? யாரு எவருன்னே தெரியாதேட்டி! அதான் நல்லதா? பொறுமையா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு வாறாருன்னா, அதுக்காக?

சார், அவ வெளையாட்டுக்குச் சொல்லுதா. இல்ல, வெளையாட்டு இல்ல போலருக்கே, பேனாவ எடுக்கா. போன் நம்பர் குடுக்காதிய. உங்களுக்குத் தென்காசியில சோலி இருக்கும், நெறையச் சோலி இருக்கும். அவ எதுத்தாப்ல உக்காந்து உங்களக் கேள்வி கேட்டு, நீங்க "ம்"ன்னதும் அதயும் எழுதி... அதெல்லாம் சரிப்பட்டு வராது சார், அவ கேள்விக்கு நான்தான் பதில் சொல்லணும். என்ன சிரிக்கிய? சும்மா தலைய ஆட்டாதிய. வாயத் தெறந்து முடியாதுன்னு சொல்லுங்க.